தீசிஸ்ல இருந்து போன் திரைக்கு: கரிசல் காடு சொல்லித் தரும் எழுத்து நடை

(இந்த எபிசோடில் பேசியதை வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

"காலேஜ்ல பண்ணின ஆய்வை நெட்ல போடணும், எப்படி எழுதுறது?" இந்தக் கேள்வி உங்ககிட்ட இருந்து அடிக்கடி வருது. அப்படி வந்ததுல கடம்பூர்ல இருந்து வந்த ஒரு மெயிலை வச்சு இன்னைக்குப் பேசலாம்னு நினைக்கிறேன்.

மெயில் போட்டவங்க முதுநிலைப் படிப்புக்காக மானாவாரி விதைப்பைப் பத்தி ஆய்வு பண்ணியிருக்காங்க. ஆய்வு நடந்தது அவங்க ஊரைச் சுத்தியிருக்கிற கரிசல் காட்டுல. மணிக்கணக்கா உக்கார்ந்து தகவல் சொன்னது அந்த ஊர் சம்சாரிகள். ஆய்வு முடிஞ்சுது, மார்க் வந்துச்சு, பைண்டு பண்ணின புத்தகம் டிபார்ட்மென்ட் அலமாரிக்குப் போயிடுச்சு. தகவல் சொன்னவங்களுக்கே திருப்பிக் கொடுக்கணும்னு பிடிஎஃப்பை வாட்ஸப்ல அனுப்பினாங்களாம். ஒருத்தர்கூட ரெண்டாவது பக்கத்தைத் தாண்டல. "நான் தப்பா ஒண்ணும் எழுதலையே, பிறகு ஏன் யாரும் படிக்கல?"ன்னு கேட்டிருந்தாங்க.

நியாயமான கேள்வி. இதுக்கு வழக்கமா வர்ற பதில், "எளிமையா எழுதுங்க". அந்தப் பதில் பாதிதான் சரி. எதை மாத்தணும், எதைத் தொடவே கூடாதுன்னு தெரியாம எளிமைப்படுத்தினா, ஆய்வுல இருந்த உண்மையும் சேர்ந்து போயிடும். விதைப்பு மாதிரியான விஷயத்துல அது யாரோ ஒருத்தரோட விதைக் காசு. அதனால இன்னைக்கு ஒரே ஒரு பத்தியை எடுத்து, பிரிச்சு, திரும்ப எழுதிப் பார்க்கப் போறோம்.

ஆய்வு நடை ஏன் அப்படி இருக்கு?

ஆய்வு நடை மோசமான நடை இல்ல. அது வேற ஒரு ஆளுக்காக உருவான நடை.

ஆய்வேட்டைப் படிக்கப் போறது யாரு? வழிகாட்டி, வெளியில இருந்து வர்ற தேர்வாளர், அதே துறையில அடுத்து ஆய்வு பண்ணப் போற மாணவர். இவங்க படிச்சே ஆகணும். படிக்கிறதும் சந்தேகக் கண்ணோடதான். எந்த ஊர்ல அளந்தாங்க, எத்தனை காட்டுல, எந்த மாசத்துல, இதுக்கு முன்னாடி யார் யார் செஞ்சிருக்காங்க, கிடைச்ச தகவலைத் தாண்டி முடிவு போகுதான்னு பார்க்கிறதுதான் அவங்க வேலை.

அதனாலதான் முன்னுரை, ஆய்வு நோக்கம், ஆய்வு எல்லை, கருதுகோள், முன்னாய்வுகள், ஆய்வு முறைன்னு எல்லாம் முடிஞ்ச பிறகு கடைசியில முடிவு வருது. கோர்ட்டுல சாட்சி விசாரணை முதல்ல, தீர்ப்பு கடைசியில வர்ற மாதிரி. "நான் பார்த்தேன்"னு எழுதாம "காணப்பட்டது"ன்னு எழுதுறதுக்கும் காரணம் இருக்கு. யார் பார்த்தாலும் இதே முடிவு வரும்னு காட்டணும், அதுக்காக ஆளை மறைக்கிறாங்க.

அந்த அறைக்குள்ள இது எல்லாமே சரி. அதே பக்கத்தை அறைக்கு வெளியில கொண்டு வந்து நீட்டும்போதுதான் சிக்கல் வருது.

வெளியில படிக்கிறவர் யாரு?

கடம்பூர் ஸ்டேஷன்ல போளி வாங்கிட்டு ரயில்ல ஏறி உக்கார்ந்திருக்கிற ஒருத்தரை நினைச்சுக்கோங்க. ஒரு கையில போளி, இன்னொரு கையில போன். சிக்னல் வந்து வந்து போகுது. நீங்க எழுதினதைப் படிக்கணும்னு அவருக்கு எந்தக் கட்டாயமும் இல்ல. முதல் ரெண்டு வரியில தனக்கு வேண்டியது இருக்கான்னு பார்ப்பார். இல்லைன்னா விரல் மேல தள்ளிட்டுப் போயிடும்.

இதை அளந்தே பார்த்திருக்காங்க. 1997ல ஜேக்கப் நீல்சன், ஜான் மோர்க்ஸ்னு ரெண்டு பேர், இணையத்துல ஜனங்க எப்படிப் படிக்கிறாங்கன்னு சோதனை பண்ணினாங்க. கலந்துக்கிட்டவங்கள்ல 79 சதவீதம் பேர் புதுப் பக்கம் எது வந்தாலும் மேலோட்டமா மேய்ஞ்சாங்க. வார்த்தை வார்த்தையா படிச்சது 16 சதவீதம் பேர்தான்.

அதோட நிக்கல. அமெரிக்காவோட நெப்ராஸ்கா மாநிலத்தைப் பத்தின ஒரு சுற்றுலாப் பக்கத்தை அஞ்சு விதமா எழுதி, எது படிக்கிறவங்களுக்குச் சுலபமா இருக்குன்னு ஒப்பிட்டாங்க. வார்த்தைகளைப் பாதியாக் குறைச்ச வடிவம் 58 சதவீதம் மேலா இருந்துச்சு. அதே வார்த்தைகளைப் பட்டியல் போட்டு, கண்ணுல படுற மாதிரி அடுக்கினது 47 சதவீதம். பெருமை பேசுறதை எடுத்துட்டு உள்ளதை உள்ளபடி சொன்னது 27 சதவீதம். மூணையும் சேர்த்துச் செஞ்ச வடிவம் 124 சதவீதம் மேல போயிடுச்சு. அதெல்லாம் பெரிய கம்ப்யூட்டர் திரையில பார்த்த காலம். இப்போ திரை உள்ளங்கை அளவுதான்.

இதுல மூணாவது எண்ணைக் கவனிங்க. அலட்டிக்காம, மிகைப்படுத்தாம சொன்னாலே படிக்கிறவருக்கு அது உதவியா இருக்கு. அந்தப் பழக்கம் ஆய்வாளர்கிட்ட ஏற்கெனவே இருக்கு. அதனால, நெட்டுக்கு எழுதுறோம்னு "கரிசல் மண்ணின் அதிர்ச்சியூட்டும் ரகசியம்"னு தலைப்பு போட வேண்டியதில்ல. ஆய்வு நடையில காப்பாத்த வேண்டிய முதல் குணம் இந்த நிதானம்தான்.

ஒரு பத்தியைப் பிரிச்சுப் பார்ப்போம்

மெயில் போட்டவங்களோட ஆய்வேட்டை நான் இங்க எடுக்கல. அந்த மாதிரி நடையில, நானே ஒரு பத்தி எழுதிக்கிட்டேன். கேளுங்க:

"மானாவாரிக் கரிசல் நிலங்களில் வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்திற்கு முன்னர் மேற்கொள்ளப்படும் விதைப்பானது, மழைநீர்ப் பயன்பாட்டுத் திறனை மேம்படுத்துவதில் குறிப்பிடத்தக்க பங்களிப்பை வழங்குவதாகக் கருதப்படுகிறது. மேற்பரப்பு மண்ணில் ஏற்படும் தற்காலிக ஈரப்பதத்தினால் நிகழக்கூடிய முன்கூட்டிய முளைப்பு, விதைப்பு ஆழத்தை முறைப்படுத்துவதன் மூலம் தவிர்க்கப்படலாம் என்பது இவ்வாய்வின்வழி அறியப்படுகிறது."

இலக்கணத் தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா இதுக்குள்ள என்ன விஷயம் இருக்குன்னு ஒரே மூச்சுல சொல்ல முடியுதா?

விஷயம் இதுதான். கரிசல் மண்ணுல ஒரு வகைக் களிமண் நிறைய இருக்கு. தண்ணி பட்டா அது ஊதும், காய்ஞ்சா சுருங்கும். கோடையில கால் போற அளவுக்கு வெடிப்பு விடுறது அதனாலதான். மழை பெஞ்சிட்டா அதே மண்ணு பசை மாதிரி ஆயிடும். மாடும் இறங்க முடியாது, டிராக்டரும் இறங்க முடியாது. காய்ஞ்சு பதத்துக்கு வர்ற வரைக்கும் காத்திருக்கணும். அதுக்குள்ள முதல் மழையோட ஈரத்துல ஒரு பங்கு வீணாயிடும். அதனால மழைக்கு முன்னாடியே புழுதியில விதைச்சுடுறாங்க.

இதுல ஒரு ஆபத்து இருக்கு. விதை மேலாகக் கிடந்தா, சும்மா ஒரு தூறல் போட்டாலே முளைச்சுடும். அடுத்த மழை தள்ளிப்போனா முளை கருகிடும். அதனால ஆழமா விதைக்கணும். சோளத்துக்கு 5 சென்டிமீட்டர் ஆழம்னு சொல்றாங்க. அந்த ஆழம் வரைக்கும் நனைக்கிற மழை வந்தாத்தான் விதை முளைக்கும். தூறல் அதை ஏமாத்த முடியாது.

இவ்வளவு நல்ல விஷயம் அந்த ரெண்டு வாக்கியத்துக்குள்ள அமுங்கிக் கிடந்துச்சு. அது எப்படி அமுங்குச்சுன்னு இப்போ பார்ப்போம்.

வினை கடைசியில வர்ற மொழி

தமிழ்ல வினைச்சொல் வாக்கியத்தோட கடைசியில வரும். இங்கிலீஷ்ல நீளமா எழுதினாலும், யார் என்ன செஞ்சாங்கங்கிறது பெரும்பாலும் ஆரம்பத்துலயே தெரிஞ்சிடும். தமிழ்ல அப்படி இல்ல. கடைசி வார்த்தை வர்ற வரைக்கும், வந்த எல்லாத்தையும் படிக்கிறவர் மனசுல தூக்கி வச்சிருக்கணும். மேல சொன்ன முதல் வாக்கியத்துல பதினஞ்சு வார்த்தை தாண்டின பிறகுதான் "வழங்குவதாகக் கருதப்படுகிறது" வருது. அதுவும் வந்து என்ன சொல்லுச்சு? யாரோ ஏதோ கருதுறாங்கன்னு சொல்லுச்சு.

அதனால தமிழ்ல நெட்டுக்கு எழுதுறப்போ வாக்கிய நீளம் ரொம்ப முக்கியம். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வேலை போதும். விதைச்சது ஒரு வாக்கியம். தூறல் வந்தது ஒரு வாக்கியம். முளைச்சது ஒரு வாக்கியம். கருகினது ஒரு வாக்கியம்.

ரெண்டாவது, வினையைப் பெயராக்குற பழக்கம். "விதைச்சாங்க"ங்கிற ஒரு வார்த்தையை "விதைப்பு மேற்கொள்ளப்பட்டது"ன்னு ரெண்டாக்குறோம். "முளைச்சிடும்"ங்கிறது "முன்கூட்டிய முளைப்பு நிகழக்கூடும்"னு ஆயிடுது. மேற்கொள், நிகழ், வழங்கு, ஏற்படு - இந்த வினைகளுக்குச் சொந்தமா வேலை கிடையாது. உண்மையான வேலையைப் பெயராக்கிட்டு, அதைச் சுமக்க ஒரு கூலி வினையை வைக்கிறோம். ஒரு பக்கத்துல இந்த நாலையும் தேடி, உள்ள இருக்கிற உண்மையான வினையை வெளியில எடுத்தாலே பாதி இறுக்கம் போயிடும்.

மூணாவது, ஒட்டுச் சொற்கள். "விதைப்பானது"ல வர்ற "ஆனது", "என்பது குறிப்பிடத்தக்கது", "என்பதை அறிய முடிகிறது". இதை எடுத்துட்டுப் படிச்சுப் பாருங்க. அர்த்தம் மாறலைன்னா அது வேணாம்.

நாலாவது, "பட்டது". இதை நான் முக்கியமா நினைக்கிறேன். "விதைக்கப்பட்டது"ன்னு எழுதுறப்போ யார் விதைச்சாங்கன்னு மறைஞ்சு போகுது. கோவில்பட்டியில 1901ல தொடங்கின வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அங்க விஞ்ஞானிகள் அளந்து, கண்காணிச்சு விதைச்சதும், ஒரு சம்சாரி வாடகை டிராக்டரைப் பிடிச்சு விதைச்சதும் ஒண்ணு இல்ல. மகசூல் வேற மாதிரி வரலாம். "விதைக்கப்பட்டது"ன்னு எழுதினா ரெண்டும் ஒண்ணாத் தெரியும். செஞ்ச ஆளைத் திரும்ப வாக்கியத்துக்குள்ள கொண்டு வந்தா, நடை மட்டும் இலகுவாகல, புதுசா ஒரு தகவலும் சேருது. யார் செஞ்சாங்கன்னு உண்மையிலேயே தெரியலைன்னா "பட்டது" இருக்கட்டும். அதுக்குத்தான் அது இருக்கு.

இடைசெவல்ல இருந்து ஒரு அகராதி

இப்போ சொற்களுக்கு வருவோம். "எளிமையா எழுது"ன்னா, நிறைய பேர் துல்லியமான சொல்லை எடுத்துட்டுப் பொதுவான சொல்லைப் போடுறதுன்னு நினைக்கிறாங்க. அப்படி இல்லைங்கிறதுக்குக் கரிசல் காட்டுலயே ஒரு சாட்சி இருக்கு.

கோவில்பட்டிக்குத் தெற்கே இருக்கிற இடைசெவல் ஊர்க்காரர் கி.ராஜநாராயணன். ஏழாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டவர், விவசாயம் பார்த்தவர். அவர் 1982ல "கரிசல் வட்டார வழக்கு அகராதி"யைக் கொண்டு வந்தார். அகராதி தொகுக்கிறது வழக்கமா பல்கலைக்கழகம் செய்ற வேலை. அதை ஒரு சம்சாரி செஞ்சார். பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அவரை வருகைதரு பேராசிரியரா அழைச்சுக்கிட்டது. 1991ல "கோபல்லபுரத்து மக்கள்" நாவலுக்குச் சாகித்திய அகாடமி விருது வந்துச்சு. 2021ல காலமானார். கரிசலைத் தொடர்ந்து மத்த வட்டாரங்களுக்கும் அகராதிகள் வந்துச்சு. 2000ல பெருமாள்முருகன் "கொங்கு வட்டாரச் சொல்லகராதி" கொண்டு வந்தார்.

இதுல நமக்கு என்ன இருக்கு? ஊர்ச் சொல்லும் ஒரு கலைச்சொல்தான். ஒரு தொழிலைப் பல தலைமுறையாச் செஞ்சவங்க, தங்களுக்குள்ள தப்பு வராம பேசிக்கிறதுக்காக உருவாக்கின சொல். "பதம்"னு ஒரு வார்த்தையை எடுத்துக்கோங்க. ஆய்வேட்டுல "உழவுக்கு உகந்த ஈரப்பத நிலை"ன்னு எழுதுவோம். நாலு வார்த்தை. காட்டுல "பதமா இருக்கு"ன்னு முடிஞ்சிடும். ஒட்டவும் கூடாது, கட்டி கட்டியாவும் நிக்கக் கூடாது, கலப்பை இறங்கணும். இவ்வளவும் அந்த மூணு எழுத்துக்குள்ள இருக்கு. 2020ல புவிசார் குறியீடு வாங்கின கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சுறவரும் "பதம்"னுதான் சொல்வார். ரெண்டு இடத்துலயும் கருவியில்லாம கையாலயும் கண்ணாலயும் அளக்கிற ஒரு அளவு அது.

அதனால, ஆய்வுல ஊர்க்காரங்க சொன்ன சொல்லை அடிச்சுட்டுப் பொதுச்சொல் போட்டிருந்தீங்கன்னா, நெட்டுக்கு எழுதும்போது அந்த ஊர்ச் சொல்லைத் திரும்பக் கொண்டு வாங்க.

ஆனா இதுலயும் ஒரு எச்சரிக்கை இருக்கு. நான் தொடக்கத்துல இருந்து "சம்சாரி"ன்னு சொல்லிட்டே வர்றேன். கோவில்பட்டிப் பக்கம் அதுக்கு விவசாயின்னு அர்த்தம். சென்னையில கேக்கிறவருக்குக் குடும்பஸ்தன்னு தோணும். நெட்ல எழுதுறது ஊருக்குள்ள மட்டும் நிக்காது. அதனால முதல் தடவை வரும்போது அரை வரியில அர்த்தம் சொல்லிடுங்க. பிறகு தாராளமாப் பயன்படுத்துங்க.

துறைக் கலைச்சொல்லுக்கும் இதேதான். "மான்ட்மோரில்லோனைட்"னு அந்தக் களிமண்ணுக்கு ஒரு பேர் இருக்கு. படிக்கிறவர் அதைத் தேடி மேல படிக்கப் போறார்னா ஒரு தடவை சொல்லுங்க. தேவையில்லைன்னா "ஊதிச் சுருங்குற களிமண்"னு சொன்னாப் போதும். அவர் நினைவுல நிக்க வேண்டியது அந்தக் குணம்தான்.

"லாம்" மாறிப் போற இடம்

இப்போ தொடக்கூடாத விஷயத்துக்கு வருவோம். இங்கதான் நிறைய பேர் வழுக்குறாங்க.

அந்த மாதிரிப் பத்தியில "தவிர்க்கப்படலாம்"னு ஒரு வார்த்தை இருந்துச்சு. ஆய்வு நடையில அந்த "லாம்" ஒரு சந்தேகக் குறி. "நடக்க வாய்ப்பு இருக்கு, உறுதியாச் சொல்லல"ன்னு அர்த்தம். தேர்வாளர் அதைச் சரியாப் புரிஞ்சுக்குவார்.

பேச்சுத் தமிழுக்கு மாத்தும்போது அதை "தவிர்க்கலாம்", "விதைக்கலாம்"னு எழுதுவோம். எழுத்து அதேதான், ஆனா காதுல விழுறது வேற. பேச்சுல "விதைக்கலாம்"னா "தாராளமா விதைங்க"ன்னு அர்த்தம். "சாப்பிடலாமா?" "சாப்பிடலாம்." அந்த லாம்தான் இது. சந்தேகமா எழுதினது, அனுமதியாப் போய்ச் சேருது. அதையே இன்னொருத்தர் சுருக்கி ஸ்டேட்டஸ்ல போடும்போது "ஆழமா விதைச்சா முளை கருகாது"ன்னு வாக்குறுதியாவே ஆயிடும்.

இப்போ அதை நம்பி ஒருத்தர் விதைக்கிறார்னு வச்சுக்கோங்க. மழை ரொம்பத் தள்ளிப்போனா விதை மண்ணுக்குள்ளயே கிடக்கும். எறும்பு எடுக்கும், பறவை கிளறும், முளைப்புத் திறன் குறையும். அவர் காடு கரிசல் இல்லாம செவலா இருந்தா, அந்த ஆழம் பொருந்தாமலும் போகலாம். ஆய்வு இதையெல்லாம் "ஆய்வு எல்லை"ங்கிற தலைப்புல சொல்லியிருக்கும். எளிமைப்படுத்தும்போது "இது போர் அடிக்கும்"னு முதல்ல வெட்டுறது அந்தப் பகுதியைத்தான்.

அதனால என் பரிந்துரை இது. சந்தேகத்தை விகுதியில வைக்காதீங்க, தனி வாக்கியமா எழுதுங்க. "இது எல்லா வருசமும் நடக்கும்னு சொல்ல முடியாது." "நாங்க பார்த்தது கரிசல் காடு மட்டும்." இப்படி எழுதினா யாரும் அதைத் தவறவிட மாட்டாங்க. எங்க பார்த்தோம், எப்போ பார்த்தோம், எத்தனை இடத்துல பார்த்தோம், எவ்வளவு உறுதி - எவ்வளவு சுருக்கினாலும் இந்த நாலு கேள்விக்கான பதில் கட்டுரைக்குள்ள இருக்கணும்.

எண்கள், அளவுகளும் அப்படித்தான். விதையை எவ்வளவு நேரம் ஊற வைக்கணும், எந்தக் கரைசல், எத்தனை சதவீதம்னு ஆய்வுல இருந்தா, "கொஞ்ச நேரம் ஊற வைங்க"ன்னு எழுதுறது எளிமை இல்ல. அது தகவலைத் தொலைக்கிறது.

திரும்ப எழுதின பத்தி

இப்போ எல்லாத்தையும் சேர்த்து எழுதினா எப்படி வருதுன்னு பாருங்க:

"கரிசலில் சோளத்தை மழைக்கு முன்பே, காய்ந்த புழுதியில் விதைக்கிறார்கள். மழை பெய்துவிட்டால் மண் பசையாகி, காட்டுக்குள் இறங்க முடியாது என்பதுதான் காரணம். விதை சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விழ வேண்டும். மேலாக விழுந்தால் ஒரு தூறலிலேயே முளைத்துவிடும். அடுத்த மழை வரத் தாமதமானால் கருகிவிடும். ஆழத்தில் கிடக்கும் விதை, அதுவரை நனைக்கிற மழைக்காகக் காத்திருக்கும். இது கரிசல் காட்டில் மட்டும் பார்த்தது. செவல் மண்ணுக்கும் இதே ஆழம் பொருந்தும் என்று சொல்ல முடியாது. மழை மிகவும் தள்ளிப்போனால் விதை வீணாகும் ஆபத்தும் உண்டு."

முன்னாடி ரெண்டு வாக்கியம், இப்போ ஒன்பது. வார்த்தைகளும் கூடித்தான் இருக்கு. ஆனா படிக்கிற நேரம் குறைஞ்சிருக்கு, ஏன்னா எங்கயும் திரும்பிப் போய்ப் படிக்க வேண்டியதில்ல. நான் இதைப் பேச்சுத் தமிழ்ல எழுதலைங்கிறதையும் கவனிங்க. "விதைக்கிறார்கள்", "வேண்டும்"னு எழுத்துத் தமிழ்தான். நெட்டுக்கு எழுதணும்னா பேச்சு மொழியில எழுதியே ஆகணும்னு கட்டாயம் இல்ல. வாக்கிய அமைப்பு பேச்சுக்குப் பக்கத்துல இருந்தாப் போதும்.

ஒரு முழு ஆய்வேட்டுக்கும் இதே வழிதான். வரிசையைத் தலைகீழாக்குங்க. கண்டுபிடிச்சதை முதல் பத்தியில வைங்க. அது ஏன் நடக்குதுங்கிற காரணம் அடுத்து. எங்க, எப்படிப் பார்த்தோம்ங்கிறது அதுக்கு அடுத்து. முன்னாய்வுகள்ல உங்க கண்டுபிடிப்பைப் புரிஞ்சுக்க உதவுற ஒண்ணு ரெண்டு போதும்.

பிடிஎஃப் போட்டாப் போதுமா?

"ஏற்கெனவே நெட்லதானே இருக்கு"ன்னு சிலர் சொல்வாங்க. உண்மைதான். முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவுல கொடுக்கணும்னு 2009ல யூஜிசி விதிமுறை கொண்டு வந்துச்சு. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்துல குவிஞ்சிருக்கு. தமிழ் ஆய்வேடுகளும் ஏராளம்.

ஆனா நெட்ல இருக்கிறதும் கைக்குக் கிடைக்கிறதும் வேற வேற. யூனிகோடு இல்லாத பழைய எழுத்துருக்கள்ல டைப் பண்ணின ஆய்வேடுகளைத் தேடுபொறியால தமிழாப் படிக்க முடியாது. பக்கத்தைப் படமா ஸ்கேன் பண்ணியிருந்தாலும் சிக்கல்தான். "கரிசல் விதைப்பு"ன்னு கூகுள்ல தட்டினா அது வரவே வராது. அதனால முதல் வேலை, எழுத்தை யூனிகோடுக்கு மாத்துறது.

அடுத்தது வடிவம். போன்ல ஒரு பத்தி நாலஞ்சு வரியைத் தாண்டினா, திரை முழுக்க எழுத்தா நிக்கும். பிரிச்சு விடுங்க. துணைத்தலைப்பு "முடிவுகள்"னு இருந்தா மேயுற கண்ணுக்கு ஒண்ணும் கிடைக்காது. "5 சென்டிமீட்டர் ஆழம் ஏன்?"னு இருந்தா அங்க நிக்கும். எட்டு காலம் இருக்கிற அட்டவணை போன்ல உடைஞ்சு போகும். அதுல பேச வேண்டிய ரெண்டு எண்ணை மட்டும் வாக்கியமா எழுதிட்டு, முழு அட்டவணைக்கு இணைப்பு கொடுங்க. அடிக்குறிப்புக்குப் பதிலாவும் இணைப்புதான். முழு ஆய்வேட்டுக்கும் ஒரு இணைப்பு வைங்க. சந்தேகப்படுறவங்க போய்ப் பார்க்கட்டும், அது அவங்க உரிமை.

யார்கிட்ட காட்டுறது?

2011ல ஆஸ்திரேலியாவுல "தி கான்வர்சேஷன்"னு ஒரு தளம் தொடங்கினாங்க. அங்க எழுதுறது பல்கலைக்கழக ஆய்வாளர்கள், திருத்துறது பத்திரிகை ஆசிரியர்கள். ஆய்வாளர் சரின்னு ஒப்புதல் கொடுத்தாத்தான் கட்டுரை வெளியாகும். ஒருத்தர் புரியுதான்னு பார்க்கிறார், இன்னொருத்தர் உண்மை மாறலையான்னு பார்க்கிறார்.

நம்மகிட்ட அவ்வளவு பெரிய ஏற்பாடு இல்ல. ஆனா ரெண்டு ஆள் இருக்காங்க. முதல் ஆள், தகவல் சொன்ன ஊர்க்காரர். அவருக்கு அனுப்பிப் படிக்கச் சொல்லாதீங்க, நீங்களே சத்தமா வாசிச்சுக் காட்டுங்க. உங்களுக்கு எங்க மூச்சு முட்டுதோ, அந்த வாக்கியம் நீளம். அவர் எங்க "என்னது?"ன்னு கேக்கிறாரோ, அந்தச் சொல் மாறணும். எங்க "அப்படி இல்லையே"ன்னு சொல்றாரோ, அங்க ஆய்வையே ஒரு தடவை திரும்பப் பார்க்கணும். அந்த மூணாவது பதில் வைவாவுல கிடைக்காது.

ரெண்டாவது ஆள், உங்க வழிகாட்டி, இல்லைன்னா கூடப் படிச்சவங்க. அவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "நான் கண்டுபிடிச்சதை விட இதுல எங்கயாவது அதிகமாச் சொல்லிட்டேனா?" முதல் ஆளுக்கும் புரிஞ்சு, ரெண்டாவது ஆளும் இல்லைன்னு சொன்னா, வெளியிடுங்க.

கடம்பூர்ல இருந்து எழுதினவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். முழு ஆய்வேட்டையும் ஒரே மூச்சுல மாத்த உக்காராதீங்க. சம்சாரிகளுக்கு இப்போ எது தேவையோ, அந்த ஒரு கண்டுபிடிப்பை எடுத்து ஐநூறு வார்த்தையில எழுதுங்க. அதை ஆடி, ஆவணிக்குள்ள முடிச்சுட்டா நல்லது. புரட்டாசி பிறந்துட்டா எல்லாரும் காட்டுக்குப் போயிடுவாங்க, போனைப் பார்க்க நேரம் இருக்காது.

மத்தவங்களும் உங்க ஆய்வுல இருந்து ஒரு பத்தியும், அதைத் திரும்ப எழுதின வடிவமும் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல அதுல சிலதை எடுத்து இதே மாதிரி பிரிச்சுப் பார்ப்போம்.